தேதித் தாளின் முதுகில்

எங்கள் கச்சேரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் குமாஸ்தா ஒருவர் போன வாரம் என்னிடம் வந்து, தினம் நாட்குறிப்பு எழுதுவதற்கு எந்த மாதிரி நோட்டு வாங்கலாம் என்று யோசனை கேட்டார். கையில் இரண்டு நோட்டு வைத்திருந்தார். ஒன்றுக்குத் தோல் அட்டை, இன்னொன்றுக்குப் பட்டு நாடா. சரியான ஆளிடம்தான் வந்தார். இந்த விஷயத்தில் ஐந்து விதமான ஏற்பாடுகளையும் ஒரு நுரையீரலையும் செலவழித்து முடிவு கண்டவன் நான். ஆனால் அந்த முடிவை மட்டும் சொன்னால் சிரிப்பார். ஆகவே ஒன்பது வருஷத்துக்கு முந்தைய என் ஆஸ்பத்திரி நாட்களிலிருந்து ஆரம்பித்தேன். காபி வேளை வந்ததும் எழுந்து போய்விட்டார். மிச்சத்தை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது என்பது எழுத்தில் உள்ள சௌகரியம்.

முதலில் என் உத்தியோகம். அதைச் சொல்லாவிட்டால் என் வியாதி புரியாது.

நான் நகல் எழுதுகிறவன். மேலதிகாரி ஒரு கடிதத்தைக் கிறுக்கித் தருவார். அதற்குக் கரடு என்று பேர். அடித்தல், திருத்தல், மூக்குப்பொடிக் கறை எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து முத்து முத்தாக நல்ல பிரதி எழுதுவது என் வேலை. நல்ல பிரதியில் கையெழுத்தானதும் கரட்டைக் கிழித்துப் போட்டுவிடுவோம். பதினொரு வருஷம் இதையே செய்தால் மனுஷனுக்கு என்ன ஆகும்? எந்த அவலட்சணமும் நல்ல பிரதி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது ரத்தத்தில் ஊறிவிடும். அந்த ரத்தம் பிறகு வாய் வழியாக வந்தது. அது வேறு கதை என்று சொல்ல ஆசைதான். அதே கதைதான்.

அந்த வருஷம் ஸ்ரீராமநவமிக்கு முந்தின வாரம், சாயங்காலம், அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாமான் ஜாபிதா எழுதினேன். பானகத்துக்கு வெல்லம், ஏலக்காய், சுக்கு, நீர்மோருக்கு இஞ்சி, தானம் கொடுக்க விசிறி. கோடு போடாத வெள்ளைத் தாள். என் மனைவி செங்கமலம் அதை வாங்கினாள். படிக்கவில்லை. கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன்னா, வரியெல்லாம் எங்கே போறது?"

"எங்கே போறது? கடைக்குத்தான்."

"வெல்லத்துல கிளம்பினது விசிறிக்கு வரதுக்குள்ளே மலை ஏறிடுத்து. சாமுண்டி மலைக்குப் படி கட்டறேளா?"

எனக்குக் கோபம் வந்தது. கையெழுத்துக்காகச் சம்பளம் வாங்குகிறவனிடம் வரி கோணல் என்று சொல்வது, பரிசாரகனிடம் உப்பில்லை என்று சொல்வது மாதிரி. அவள் அதற்குள் என் நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டாள்.

"கொதிக்கறதே! எத்தனை நாளா?"

மூன்று மாசமாக. தினமும் நாலு மணிக்கு வந்து எட்டு மணிக்குப் போகும் ஜுரத்துக்குக் கச்சேரி அலுப்பு என்று நான் பேர் வைத்திருந்தேன். துண்டில் தெரிந்த சிவப்புக்கு வெற்றிலைச் சாறு என்று பேர் வைத்திருந்தேன். எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. துவைக்கிறவளுக்கு அது தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அப்போது அவளுக்கு மூன்றாம் மாசம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து.

ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே இருந்த காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காத்திருக்கும் கூடத்து பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் இருமலை அடக்கி, தனக்கு ஒன்றுமில்லை, கூட வந்தவன்தான் நோயாளி என்கிற முகத்தோடு இருந்தோம். கபத்தை ஒரு சின்னக் குப்பியில் வாங்கிக்கொண்டு போனார்கள். பூதக்கண்ணாடியில் வைத்து அதில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். பிறகு எக்ஸ்ரே. சட்டையைக் கழற்றி ஒரு பலகைமேல் நெஞ்சை ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கினால் உள்ளே இருப்பது படமாக வரும்.

பெரிய டாக்டர் கன்னடக்காரர். என்னிடம் பாதிக் கன்னடம், பாதித் தமிழ் பேசுவார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்பு ஆகாயத்தில் விலா எலும்புகள் வெள்ளை வேலி மாதிரி. வலது பக்கம் மேலே ஒரு மேகம்.

"நோடி சுவாமி, இங்கே மேகம் இருக்கு."

"மழை பெய்யுமா டாக்டர்?" என்றேன்.

"பெய்யாம பார்த்துக்கறதுதான் நம்ம கெலசா, நம்ம வேலை," என்றார் அவர், சிரிக்காமல்.

அன்றைக்கே படுக்கை போட்டார்கள். செங்கமலம் வார்டுக்குள் வரக் கூடாது, வயிற்றில் குழந்தை இருக்கிறது என்றார்கள். அவள் வாசலில் ஜட்காவில் ஏறி உட்கார்ந்தபின்தான் நான் கட்டிலில் சாய்ந்தேன். அதற்கு முன்னால் சாய்ந்தால் பார்த்துவிடுவாள்.

வைத்தியம் என்பது முக்கால்வாசி படுத்திருப்பது. கால்வாசி ஊசி. விலாவுக்கு நடுவே ஊசியைச் செருகி, நெஞ்சுக் கூட்டுக்கும் நுரையீரலுக்கும் இடையே காற்றை விடுவார்கள். அந்தக் காற்று வெளியிலிருந்து அமுக்க, புண்பட்ட நுரையீரல் சுருங்கி வேலையை நிறுத்திவிடும். வேலையை நிறுத்தினால் புண் ஆறும். அதாவது எனக்குக் கிடைக்காத நீண்ட விடுப்பு என் நுரையீரலுக்குக் கிடைத்தது. காற்று மெள்ள மெள்ள உடம்பில் இழுத்துக்கொள்ளப்படும் என்பதால், சைக்கிள் டியூபுக்கு அடிப்பது மாதிரி அவ்வப்போது மறுபடி அடிப்பார்கள். இதோடு காலையும் மாலையும் மீன் எண்ணெய். ஐயங்கார் வாயில் மீன் எண்ணெய்! பெருமாள் எடுத்த முதல் அவதாரமே மச்சம்தானே, உள்ளே வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சேவித்தேன். முதல் நாள் பெருமாள் வந்த வழியே திரும்பினார்.

டாக்டர் முதலிலேயே ஒன்று சொல்லிவிட்டார். "நீங்க படிச்சவர். தெர்மாமீட்டர் உங்க கையிலேயே கொடுக்கறேன். காலை ஆறு, பத்து, சாயங்காலம் நாலு, எட்டு. நாலு வேளையும் பார்த்து எழுதி வைக்கணும். அதை நம்பித்தான் வைத்தியம்."

எழுதுவது! படுக்கையில் கிடந்தவனுக்கு உத்தியோகம் திரும்பக் கிடைத்தது போலிருந்தது. உடனே என் மைத்துனன் பாஷ்யத்துக்குச் சொல்லியனுப்பினேன். செங்கமலத்தின் தம்பி. ஆஸ்பத்திரிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டுப்பூச்சிப் பண்ணையில் அவனுக்கு வேலை. தினமும் காலையில் சைக்கிளில் எனக்குச் சாப்பாட்டு அடுக்கு கொண்டுவருவான். அவன் கச்சேரிக் கடையில் சொல்லி, சிவப்புத் துணி முதுகு வைத்த பெரிய ரிஜிஸ்தர் ஒன்று வாங்கி வந்தான். வரிசை எண், தேதி, விஷயம், எடுத்த நடவடிக்கை, குறிப்பு என்று பத்திகள் போட்டேன். அதை நெஞ்சில் சாய்த்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் ஞானம்மா வந்தாள். கோலார் தங்கவயல் பக்கத்துக்காரி.

"இன்னா ஐயங்காரே, நோவு நெஞ்சுல கீது, நீ அதும்மேலயே கல்வெட்டு வச்சிக்கினு கீறே! எடு, எடு!"

ரிஜிஸ்தர் டாக்டர் அலமாரிக்குப் போயிற்று. தினம் காலையில் பத்து நிமிஷம் மட்டும் உட்கார்ந்து எழுதலாம், மற்ற நேரம் படுக்கைதான் என்று உத்தரவு. பத்து நிமிஷம் என் தாகத்துக்குப் போதவில்லை. படுத்துக்கொண்டே எழுத ஏதாவது வழி உண்டா என்று பார்த்தேன். ஃபௌண்டன் பேனாவை மல்லாந்து பிடித்துத் துண்டுக் காகிதத்தில் எழுதினேன். மை காகிதத்துக்கு ஏற மறுத்து முகவாய்க்கு இறங்கியது. நீலமேக வண்ணனாக இரண்டு நாள் இருந்தேன். அடுத்தது சிலேட்டு. பலப்பத் தூள் மூக்கில் போய் இருமி இருமி, வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஞானம்மா அதையும் பறித்துக்கொண்டாள். பிறகு பாஷ்யம் பழைய பஞ்சாங்கம் ஒன்று கொடுத்தான். லேசாக இருந்தது, ஓரத்தில் இடமும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாள் தலையிலும் ராகு காலம், மரண யோகம் என்று அச்சடித்திருந்ததால், எழுத எடுத்தவுடனேயே அரை டிகிரி ஏறியது. டாக்டரே வந்து பிடுங்கினார்.

"இது ஏன் சுவாமி, நோயாளிக்கு எதிரா சாட்சி வச்சிருக்கீங்க?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த சடையப்பனுக்கு என் அவதி நல்ல வேடிக்கை. அனூர்ப் பக்கத்துக் கேழ்வரகு விவசாயி. எழுத்து வாசனை கிடையாது. ஆனாலும் அவனிடம் ஒரு நாட்குறிப்பு இருந்தது. ஒரு தகர டப்பி. ரத்தம் துப்பாத நாளைக்கு அதில் ஒரு புளியங்கொட்டை போடுவான்.

"ரத்தம் வந்தா ஒண்ணை எடுத்துடுவியோ?" என்று கேட்டேன்.

"எடுக்கறதில்லீங் சாமி. அன்னிக்குப் போடறதில்லை, அவ்வளவுதானுங்க. நல்லாயிருந்த நாளு நல்லாயிருந்ததுதானுங்களே."

டப்பியைக் குலுக்கிக் காட்டுவான். அதைவிட உற்சாகமான சப்தத்தை அந்த வார்டில் நான் கேட்டதில்லை.

எனக்குக் கிடைத்த ஐந்தாவது ஏற்பாடு நார்த்தங்காயைச் சுற்றிக்கொண்டு வந்தது. வீட்டுச் சுவரில் ஜவுளிக்கடை கொடுத்த தேதி கிழிக்கும் காலண்டர் மாட்டியிருந்தது. கிழித்த தாளை செங்கமலம் தூக்கிப் போட மாட்டாள். பெருங்காயம் மடிக்க, திரி சுற்ற, எதற்காவது வைத்துக்கொள்வாள். அன்று அடுக்கில் உப்பு நார்த்தங்காய்த் துண்டை அப்படியொரு தாளில் மடித்திருந்தாள். பிரித்தேன். முன்பக்கம் நேற்றைய தேதி, பெரிதாக. பின்பக்கம் ஒன்றுமில்லை. உள்ளங்கை அகலம். கோடு கிடையாது. எடை கிடையாது. படுத்தபடியே உள்ளங்கையில் வைத்துப் பென்சில் துண்டால் எழுதினேன்: "நார்த்தங்காய் கிடைத்தது. நான் கிடைக்க நாளாகும்."

கட்டிலைவிட்டு வெளியே போகும் எதுவும் கிருமியில்லாமல் போக வேண்டும். ஆகவே ஞானம்மா அந்தத் தாளை மாடிக் கைப்பிடிச் சுவரில், கல் வைத்து, நாள் முழுக்க வெயிலில் காயப்போட்டாள். வெயிலுக்கு இந்தக் கிருமி சாகுமாம். என்னோடு என் எழுத்துக்கும் வைத்தியம் நடந்தது. மறுநாள் பாஷ்யம் அதை எடுத்துப் போனான். அதற்கடுத்த நாள் அடுக்கின்மேல் புதிய தேதித் தாள் ஒன்று வந்தது. முன்பக்கம் எண்ணுக்குப் பக்கத்தில் அவள் எழுத்து: "படிச்சேன். ரொம்ப சிரிக்க வெக்காதேங்கோ, வயிறு குலுங்கறது."

இப்படித்தான் தொடங்கியது. தினமும் ஒரு தாள். தேதிப் பக்கம் அவளுக்கு, முதுகுப் பக்கம் எனக்கு. எனக்கு வரும் தேதி எப்போதும் ஒரு நாள் பழசு. அதனால் ஆஸ்பத்திரியில் நான் எப்போதும் நேற்றையே பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஒரு சுகம். நாலு மணிக்கு ஜுரம் வரும் நேரத்தில்தான் எழுதுவேன். அந்த நேரத்துக்கு வேறு துணை கிடையாது. கரடு எடுக்க இடமில்லை, நல்ல பிரதி எடுக்கத் தாளில்லை. வந்தது வந்தபடி. பதினொரு வருஷ சர்வீஸில் நான் எழுதிய முதல் சொந்த வாக்கியங்கள் அவை. செங்கமலம் அவற்றைச் சமையலறைச் சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைக்கிறாள் என்று பாஷ்யம் சொன்னான்.

"கடை ரசீது மாதிரி ஆயிட்டேள் அத்திம்பேர்."

தசராவின்போது, ஊர்வலம் கிளம்பும் பீரங்கிக் குண்டுச் சத்தம் அவ்வளவு தூரத்துக்கும் கேட்டது. சடையப்பன் எண்ணினான், நான் கணக்கைக் கோட்டைவிட்டேன். மறுநாள் பாஷ்யம் சைக்கிளை நிறுத்தாமலே கத்தினான். "பொண்ணு! அத்திம்பேர், பொண்ணு!" தேதித் தாளில் அவள் எழுத்து இல்லை. ஒரு துளி மஞ்சள் குங்குமம் மட்டும் தடவியிருந்தது. அதன் முதுகில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை. ஈரமாக இருந்தது, வெயில் போதாது என்று ஞானம்மா சொன்னது நினைவிருக்கிறது.

பதினோராம் நாள் புண்ணியாஹவாசனம். குழந்தை காதில் தகப்பன் பெயர் சொல்ல வேண்டும். தகப்பன் இல்லையென்றால் பெரியவர் யாராவது சொல்லலாம் என்று வாத்தியார் வழி சொன்னார். செங்கமலம் மறுத்துவிட்டாள். உறவுக்காரர்கள் முறைத்தார்கள். அவள் அடுத்த தாளில் எழுதியிருந்தாள்: "பேரை அவர்தான் வந்து சொல்லணும்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் குட்டின்னு கூப்பிடறோம். சீக்கிரம் வாங்கோ. குட்டிங்கறது பேரில்லை."

பிறகு ஒவ்வொரு தேதியும் குட்டிதான். குட்டி தும்மினாள். குட்டி சிரிச்ச மாதிரி இருந்தது, வாயுவாம். குட்டிக்கு உங்க காது.

கார்த்திகை பிறந்தது. கபத்தில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. டாக்டர் சொன்னார்: "பதினாலு நாள் சாயங்கால ஜுரம் தொண்ணூத்தொன்பதைத் தாண்டலேன்னா மூணு நாள் மனைக்குப் போய் பேர் வச்சிட்டு வாங்க. தாண்டினா உள்ளே இன்னும் நெருப்பு இருக்குன்னு அர்த்தம். அந்த வாயை மகு காதுகிட்டே கொண்டுபோக விட மாட்டேன்." மகு என்றால் குழந்தை. அந்தச் சொல்லை அவர் சொன்னபோது என் காதுக்கு அது இன்னும் சின்னதாகக் கேட்டது.

முதல் நாள் நாலு மணிக்குப் பார்த்தேன். நூறு.

"எத்தனைங் சாமி?" என்றான் சடையப்பன்.

"நூறு."

"அடடா."

ஆனால் ரிஜிஸ்தரில் எழுதுவது மறுநாள் காலையில். பதினாறு மணி நேரம் கழித்து, குளிர்ந்த வெயிலில், நல்ல பேனாவோடு, கோடு போட்ட பத்தியில் உட்கார்ந்து எழுதும்போது அந்த நூறு ரொம்ப அவலட்சணமாகத் தெரிந்தது. தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்று எழுதினேன். கை நடுங்கவில்லை. மேலதிகாரியின் கரட்டில் இருக்கும் பிழையை நல்ல பிரதியில் சரி செய்வதற்கு எந்த நகல் எழுத்தன் கை நடுங்கும்? ஞானம்மாவுக்கு முப்பது கட்டில். படித்தவன் என்று என்னை நம்பியிருந்தாள். பதிமூன்று நாள் இப்படி எழுதினேன். ஒவ்வொரு நாளும் என் ஜுரம் ராத்திரி முழுக்கக் காத்திருந்து காலையில் அழகாக இறங்கியது.

தாளில் செங்கமலத்துக்கு ஜுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஜோசியம், வானிலை, சடையப்பனின் குறட்டை, வரப்போகும் நல்ல நாள், பெயருக்கு நான் யோசித்திருக்கும் மூன்று ரகசியங்கள், இவைதான்.

பதினாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்றரை மணிக்கு ஜட்கா வந்தது. குழந்தை பிறந்துவிட்டதால் அவள் இப்போது வராந்தா வரை வரலாம். குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, புதுப் பட்டுத் துண்டும் வேட்டியும் கொண்டுவந்திருப்பாள் என்று நான் படுக்கையில் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் என் ரிஜிஸ்தரோடு வராந்தா மேஜையில் இருந்தார். அவள் கையில் வேட்டி இல்லை. கம்பி இருந்தது, தாள்களோடு.

டாக்டர் என்னையும் நாற்காலியில் உட்காரவைத்தார். "உங்க யஜமானருக்கு இன்னிக்கு டிஸ்சார்ஜ் மாதிரிதான், மூணு நாளைக்கு," என்று அவளிடம் சொன்னார்.

அவள் கம்பியிலிருந்து தாள்களை உருவி, மேஜையில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக, முதுகு மேலாக அடுக்கினாள். பதினைந்து இருக்கும்.

"டாக்டர், இதுல எழுதியிருக்கறதைப் படிக்க வேண்டாம். வரியை மட்டும் பாருங்கோ."

டாக்டர் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் வரிகள் இடது மூலையில் ஒழுங்காகக் கிளம்பி, வலது பக்கம் போகப் போக மேலே மேலே ஏறிப் போயிருந்தன. சிலது தாளின் விளிம்புக்கு வெளியே குதித்திருந்தது.

"ஜுரம் வந்தா இவர் வரி மேலே ஏறும். ஸ்ரீராமநவமி ஜாபிதாவுலேயே பார்த்தேன். நடுவுல ஐப்பசி மாசம் கொஞ்சம் நேரா ஆச்சு. கார்த்திகையிலேர்ந்து தினமும் ஏறறது."

"இதேனு சுவாமி?" என்றார் டாக்டர். ரிஜிஸ்தரைத் திருப்பி என் பக்கம் வைத்தார். அச்சுக்கோடு போட்ட வரிகள் தண்டவாளம் மாதிரி நேராக இருந்தன. கோடு போட்ட தாளில் ஜுரக்காரனும் நேராகத்தான் எழுதுவான்.

மணி நாலு அடித்தது. டாக்டர் தெர்மாமீட்டரை உதறி என் வாயில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். நூறு புள்ளி நாலு.

"உங்க கையெழுத்து ரொம்பப் பிரமாதம்," என்றார் டாக்டர். "நமக்கு மரண சர்டிபிகேட் எழுத ஓர் ஆள் வேணும். சின்னச் சின்ன சர்டிபிகேட்டும் இருக்கும்." எழுந்து போய்விட்டார்.

நான் செங்கமலத்தைப் பார்க்கவில்லை. "பேர் வைக்க நான் வரணும்னு உனக்குத்தானே ஆசை?" என்றேன் தரையிடம்.

"நேக்குத்தான். அதனாலதான்."

"காட்டிக்கொடுத்துட்டியே."

"ஆமா." தாள்களைத் திரும்பக் கம்பியில் குத்தினாள். கம்பி விரலில் பட்டது, உதட்டில் வைத்துக்கொண்டாள். "குட்டிக்குப் பேரில்லாம ரெண்டு வருஷம் வேணும்னாலும் இருப்பேன். குட்டி இல்லாம வெறும் பேர் நேக்கு எதுக்கு?"

அதற்குப் பிறகு நான் கோபித்துக்கொண்டேன். முப்பத்தைந்து வயது மனுஷன் எவ்வளவு அசிங்கமாகக் கோபித்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு. தினமும் தாள் வந்தது. முன்பக்கம் குட்டி குப்புறித்துக்கொண்டாள், குட்டிக்கு ஜலதோஷம் இல்லை. முதுகை வெறுமையாகவே திருப்பி அனுப்பினேன். ஞானம்மா அந்த வெற்றுத் தாளையும் தவறாமல் வெயிலில் காயப்போட்டாள்.

"இன்னாத்துக்கு இத்தக் காயப்போடறே?" என்று அவள் மாதிரியே கேட்டேன்.

"நீ தொட்டுக்கீறே இல்ல?" என்றாள்.

தை மாசத்தில் ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தது. விடியற்காலையில் சடையப்பனுக்கு ரத்தம் வந்து, கோடியில் உள்ள தனி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த அறைக்குப் பின்பக்கமும் ஒரு கதவு உண்டு. மத்தியானம் பின்பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. தகர டப்பி கட்டிலடியில் அப்படியே இருந்தது. எடுத்துக் குலுக்கினேன். அதே உற்சாகமான சப்தம். நல்லாயிருந்த நாள்கள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தன.

அன்று நாலு மணிக்குத் தாளை எடுத்தேன். ஒரே ஒரு பெயர் எழுதினேன். நாலாக மடித்தேன். மேலே எழுதினேன்: "குட்டியின் பெயர். நான் வராவிட்டால் பிரித்துப் பார்."

மூன்று நாள் கழித்து அடுக்கின்மேல் வந்த தேதியில் பதில் இருந்தது: "பிரிக்கலை. பிரிக்கப் போறதும் இல்லை. வந்து நீங்களே பிரியுங்கோ. இன்னிக்குச் சாத்தமுதுல உப்பு ஜாஸ்தி, திட்டி எழுதுங்கோ."

திட்டி எழுதினேன். அதிலிருந்து மறுபடி எழுதினேன். டாக்டர் ரிஜிஸ்தரை எனக்குத் திருப்பித் தரவேயில்லை. அதற்குப் பதில், தினமும் சாயங்காலம் வார்டைச் சுற்றும்போது என் தாளைக் கேட்டு வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தருவார். படிக்க மாட்டார். அவருக்குத் தமிழ் எழுத்தும் தெரியாது. "இன்னும் மலைதான்," என்பார். மாசியில் "மேடு" என்றார். சித்திரையில் ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போனார். நான் தாளைப் பார்த்தேன். வயல் மாதிரி கிடந்தது.

ஆனி மாசத்தில் என்னை அனுப்பினார்கள். ஒரு வருஷமும் மூன்று மாசமும் ஆகியிருந்தது. ஞானம்மா டப்பாவோடு மீன் எண்ணெய் கொடுத்து, "உங்க சாமியக் கூட இட்டுக்கினு போ," என்றாள். சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஜட்காவில் வரும்போது ஊரிலுள்ள ஒவ்வொரு மரமும் என்னை விசாரிப்பது போலிருந்தது.

குட்டிக்கு ஒன்பது மாசம். இரண்டு பல். என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுது பாஷ்யத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதன் காதைப் பார்த்தேன். என் காதுதான், பாவம்.

மறுநாள் வாத்தியார் வந்தார். மனையில் உட்கார்ந்தோம். செங்கமலம் சமையலறைக்குப் போய்க் கம்பியைக் கொண்டுவந்தாள். ஒரு வருஷம் கனமாக அதில் குத்தியிருந்தது. நடுவிலிருந்து அந்த நாலு மடிப்புத் தாளை உருவி என்னிடம் கொடுத்தாள். மடிப்பு ஓரங்கள் பழுப்பாகியிருந்தன. ஒருமுறைகூடப் பிரித்த அடையாளம் இல்லை.

ஒரு சங்கதியை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று பெயர்களில் எதை எழுதினேன் என்பது எனக்கு மறந்துவிட்டது. நல்ல பிரதி எடுத்து வைக்கவில்லையே.

பிரித்தேன். கோமளவல்லி. ஆறே எழுத்து. ஆனால் அந்த ஆறு எழுத்தும் இடது கீழ் மூலையில் கிளம்பி வலது மேல் மூலைக்கு ஏறிப் போயிருந்தன. எனக்கு அன்றைக்கு என்ன ஜுரம் என்று அந்தத் தாளுக்குத் தெரிந்திருந்தது.

செங்கமலம் எட்டிப் பார்த்தாள். பெயரை அல்ல.

"இது வேண்டாம்," என்றாள்.

"ஏன், கோமளான்னு கூப்பிட நன்னாத்தானே இருக்கு?"

"பேர் நன்னாத்தான் இருக்கு. ஜுரத்துல எழுதினது வேண்டாம். இன்னொண்ணு எழுதுங்கோ." சுவரிலிருந்து அன்றைய தேதியைக் கிழித்துக் கொடுத்தாள். நேற்றையது அல்ல, அன்றையது. பதினைந்து மாசத்தில் முதல்முறையாக என் கைக்கு இன்றைய தேதி வந்தது.

வாத்தியார் முகூர்த்தம் போகிறது என்று கனைத்தார். நான் தாளை முழங்காலில் வைத்து, பென்சிலை எடுத்து அதே பெயரை எழுதினேன். எழுதியதை நீட்டினேன். அவள் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நேராத்தான் இருக்கு," என்றாள். "இப்போ சொல்லுங்கோ."

குனிந்து அந்தக் காதில் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது கோமளா என் காதைப் பிடித்து இழுத்தாள்.

அந்தக் குமாஸ்தா மறுபடி கேட்டால் சொல்வேன். தோல் அட்டையும் வேண்டாம், பட்டு நாடாவும் வேண்டாம். கோடு போடாத சின்னத் தாளாகப் பார்த்து வாங்கும். எழுதி முடித்ததும் வீட்டில் ஒருத்தரிடம் கொடும். அவர் படிக்கிறாரா என்று பார்க்காதேயும், எப்படிப் பிடித்துப் பார்க்கிறார் என்று பாரும். நான் இன்றைக்கும் தேதித் தாளின் முதுகில்தான் எழுதுகிறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் செங்கமலம் அதை வாங்கி, கையை நீட்டி ஒருமுறை பார்த்துவிட்டுக் கம்பியில் குத்துகிறாள். அதன் பிறகுதான் இலை போடுகிறாள்.